கட்டை கட்டிய சாவி

டாக்டரம்மா என் மகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறியா இல்லியா?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல குடிக்க மாட்டேன்" என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

மாதவிலக்கு நாளிலும் காலையில் வைத்த நாப்கினோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாள் நெருங்கினாலே தூக்கம் போய்விடுமாம். சிறுநீரில் தொற்று வந்து, கிட்னி வரை ஏறிவிட்டது. இப்படியே விட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எனக்கு முதலில் அவள் மேல்தான் கோபம். "ஏன்டி, பள்ளிக்கூடத்துல பாத்ரூமா இல்ல?" என்று கத்தினேன். நான் பஸ் கண்டக்டர். மெதுவாகப் பேச எனக்கு வராது.

"பூட்டி வச்சிருக்காங்கம்மா. சாவி பெரிய டீச்சர் ரூம்ல இருக்கு. தொலைஞ்சிடக் கூடாதுன்னு அதுல முழ நீளத்துக்கு ஒரு கட்டையக் கட்டியிருக்காங்க. அதத் தூக்கிட்டு மைதானத்தத் தாண்டிப் போகணும்." அவளுக்கு அழுகை முட்டியது. "பசங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு, 'கட்டை வருது டோய்'னு கத்துறானுங்கம்மா."

கட்டை. தெருப் பொறுக்கிகள் பெண்களைப் பார்த்து வாய் கூசாமல் சொல்கிற அதே வார்த்தை. அதை என் பிள்ளை கையிலேயே கொடுத்து நடக்க விட்டிருக்கிறார்கள். மாற்று உடைகூட உடுத்தாமல், டியூட்டி சட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பெரிய டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "திறந்து போட்டா நாறடிச்சிடுவாங்கம்மா. நீங்களே போய்ப் பாருங்க, எப்படிப் பளபளன்னு வச்சிருக்கோம்னு." அவர் நாற்காலிக்குப் பின்னால் அவருக்கென்று தனி பாத்ரூம். அதற்குப் பூட்டும் இல்லை, கட்டையும் இல்லை.

கட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நடந்தேன். ஜன்னலில் ஒருவன், "கட்டை வ..." என்று ஆரம்பித்து, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"இறங்கி வந்து முழுசா சொல்லுடா!" என்றேன். ஒருத்தனும் வரவில்லை.

கதவைத் திறந்தேன். அந்தம்மா பொய் சொல்லவில்லை. பளபளவென்றுதான் இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. குழாயைத் திருகினால் முதலில் காற்று இரைந்தது, பிறகு துருத் தண்ணீர் வந்தது. நாப்கின் போடுகிற கூடைக்குக் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. இத்தனை பெண்பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததில் வந்த சுத்தம் அது.

பூட்டு, சாவி, கட்டை மூன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"ஏம்மா, எங்க எடுத்துட்டுப் போறீங்க? அது ஸ்கூல் சொத்து!" பெரிய டீச்சர் வாசலுக்கே ஓடி வந்தார்.

"என் வீட்டுக்கு. வேணும்னா வந்து வாங்கிக்கோங்க. ஆள அனுப்பினா தர மாட்டேன். நீங்களே வந்து, கட்டையத் தூக்கிட்டுத் தெருவோட நடந்து போகணும்."

அவர் இன்னும் வரவில்லை. பாத்ரூம் திறந்தே கிடக்கிறது. இப்போது நாறுகிறதாம்.

கழுவட்டும்.