அக்கா உச்சிக்குப் போய் வந்த கதை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அக்காவிடம் கெஞ்சி வாங்கியது.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பரீட்சைக் காலத்தில் ஒருநாள் வேனில் ஒரு பிள்ளை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நம் மாவட்டத்தின் மிக உயரமான இடம் எது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உருப்போட்டுக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது அக்கா கேட்டாளாம்: "அங்க வண்டி போகுமா?" பிள்ளைக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அது இல்லை.

லீவு விட்டதும் கிளம்பிவிட்டாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நெஞ்சில் ஆறாத ஒரு துயரத்தோடு அவள் ஸ்டியரிங்கைப்

போனில் படித்துக் காட்டும்போதே நிறுத்தினாள்.

"எனக்கு என்னடா துயரம்?"

"தனியா அவ்வளவு தூரம் போறவளுக்கு ஏதாவது இருக்கணும்ல?"

"நீ தனியா போனா ஊர் சுத்துறது. நான் போனா துயரமா?"

எடுத்துவிட்டேன். (முழுசாக எடுக்க மனசு வரவில்லை. மேலே பாதி கிடக்கிறது, பாருங்கள்.)

3

துயரம் இல்லை. ஆனால் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தானும் வரப்போவதாக நினைத்துப் புதுச் செருப்பு வாங்கிவிட்டார்.*

"இல்லீங்க, நான் மட்டும் போறேன்," என்றாள் அக்கா.

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. நீங்க வந்தா, உங்களக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடும்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் எழுதும்வரை புரியவில்லை. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் அக்கா எங்கேயும் போனதில்லை. அவள் வண்டியில் ஏறியவர்கள்தான் போனார்கள்.

அத்தான் சண்டை போடவில்லை. அதைவிட மோசம், மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். "சாப்பிடுறீங்களா?" "லைட்ட அணைச்சிரட்டுங்களா?" கட்டின பெண்டாட்டியிடம்! கிளம்பும் அன்று நாலு டயருக்கும் காற்று அடித்துக் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். வேன் தெருமுனை திரும்பும்வரை அக்கா பக்கக் கண்ணாடியில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிய பிறகு, ரோட்டைப் பார்த்தாள்.

* இதை அத்தான் படித்துவிட்டார். செருப்பை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

4

காலி வேன் வேறு மாதிரி சத்தம் போடும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வேகத்தடையைக் கண்டதும், "எல்லாரும் பிடிச்சுக்குங்க," என்று வாய் தானாகச் சொன்னது. ஏதோ ஒரு ஊரில், பூட்டிய பள்ளிக்கூட வாசலில், வண்டி தானாக ஓரம் கட்டியது. கைப்பழக்கம்.

இந்த இடத்தில் நான் ஒரு மலைப்பாதை போட்டிருந்தேன்: கொண்டை ஊசி வளைவுகள், மூடுபனி, இரண்டாம் கியர். அதையும் அடிக்கச் சொன்னாள். நம்முடையது தட்டையான மாவட்டம். நெடுஞ்சாலை போய் தார்ச்சாலை வந்தது, தார்ச்சாலை போய் மண்பாதை வந்தது, மண்பாதை ஒரு மாட்டுக்கொட்டகையில் முடிந்தது. வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த விவசாயியிடம் உச்சிக்கு வழி கேட்டாள்.

"தாண்டி வந்துட்டீங்களேம்மா," என்றார். "கொட்டகைக்குப் பின்னால. கல்லு நட்டிருக்கும்."

கல் முழங்கால் உயரம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே மட்டமாக வயல். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"வர்றவங்க மூஞ்சியெல்லாம் தொங்கிப்போகுது. பாக்கச் சகிக்கல. அதான் போட்டு வச்சேன். ஏறி நின்னா கொஞ்சம் பரவாயில்ல."

அக்கா ஏறினாள். அவர் குனிந்து நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க," என்றாள். ஒப்புக்குச் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்கிறாள்.

5

"அப்புறம் அழுதியா?"

"தூங்குனேன்."

(வாசகரே, என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.)

வேனின் கடைசி சீட்டில் காலை மடக்கிப் படுத்தாளாம். சொந்த வண்டியில் அங்கே அவள் உட்கார்ந்ததே இல்லை. முன் சீட்டின் முதுகில் பேனாவால் அவளை வரைந்து வைத்திருந்தார்கள். பெரிய கொண்டை, காதே இல்லை. எந்த வருஷத்துப் பிள்ளையோ. அதைப் பார்த்துக்கொண்டே கண் அசந்துவிட்டது.

6

எழுந்து, மண்பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்துக்கு வந்தாள். இடதுபுறம் திரும்பினால் வீடு. வலதுபுறம் எங்கே போகிறது என்று பலகை இல்லை. அங்கே நிறுத்தினாள்.

இதுவரைக்கும்தான் சொல்கிறாள். அங்கிருந்து வீட்டுக்கு அரை நாள் ஓட்டம்கூட இல்லை. வந்து சேர்ந்ததோ மறுநாள் மத்தியானம்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கடல். ஒன்றில், சாலையோர விடுதியில் அறை எடுத்து ஆற அமர டி.வி. பார்க்கிறாள். மூன்றாவதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, மறுபடியும் அந்தத் துயரம். மூன்றையும் கேட்டுச் சிரித்தாள்.

"அத்தான்கிட்டயாவது சொன்னியா?"

"அவர் கேக்கல. என் மூஞ்சியப் பாத்தாரு. 'களைச்சுப் போயிருப்ப, முதல்ல சாப்பிடு'ன்னாரு. பக்கத்துலயே உக்காந்துட்டாரு."

"எனக்காவது சொல்லேன்."

"எல்லாத்தையும் உன் கதைக்குக் குடுத்துட்டா எனக்கு என்னடா மிஞ்சும்?"

அதனால் வேன் அங்கேயே நிற்கிறது. பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை. இடதோ வலதோ, நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: கூட ஏறிக்கொள்ளாதீர்கள்.