குரூப் போட்டோவில் ஓர் ஆள் அதிகம்

"இவளை மட்டும் எடுத்துடு கண்ணு" என்று சொல்லி, கம்ப்யூட்டர் திரையில் மருதாளின் முகத்தின்மேல் விரலை வைத்தார் சாமியப்பன். பனியன் கம்பெனி செக்கிங் மேஜையில் டேமேஜ் பனியனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல நன்றாக அழுத்தியே வைத்தார். விரலை எடுத்தபோது அவள் நெற்றியில் பஜ்ஜி எண்ணெய் ஒட்டியிருந்தது.

அந்த மருதாள் அவருக்குப் பின்னால்தான் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்குமே என்று அறையில் யாரும் பதறவில்லை. அவள் காதில் என்ன விழுகிறது என்று அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை.

நல்லூரில் இருந்த அந்த வீடு அவளுடையதுதான். கணவன் நல்லான் குடித்துக் குடித்தே பத்து வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போன நாலு தையல் மெஷின்களை அவள் இருபது மெஷின்களாக்கினாள். மகன் பிரதீப்பைக் காலேஜுக்கு அனுப்பினாள். நல்லானின் அண்ணன் சாமியப்பன் அந்த யூனிட்டில் ஒரு நூல்கண்டை எடுத்து வைத்தவரில்லை. ஆனாலும் பிரதீப்பின் கல்யாணப் பத்திரிகையில் முதல் பெயர் அவருடையது. குடும்பத்துக்குப் பெரியவராம். வயது ஒன்றைத் தவிர அவரிடம் பெரிதாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

கல்யாணம் வியாழக்கிழமை நடந்தது. சீர் நடக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா பந்திக் கூடத்துக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளோடு இருந்தாள். அம்மா செய்யவேண்டிய சடங்குகளை எல்லாம் சாமியப்பனின் மனைவி ஆயம்மாள் பட்டுச்சேலை சரசரக்கச் செய்தாள். தாலி அறுத்தவள் எதிரே வந்தால் கல்யாணம் விளங்காதாம். அவள் உழைத்த காசில் மண்டபம் பிடிக்கலாம், பந்தி போடலாம், தாலியே செய்யலாம். காசுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தோஷம் கிடையாது.

ஆனால் புதுப்பெண் அன்புசெல்வி ஒரு காரியம் செய்துவிட்டாள். எல்லோரும் குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது மாமியாரைக் காணோமே என்று மாலையோடு இறங்கிப் போய், பின்கட்டிலிருந்து கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்துவிட்டாள். இத்தனை பேர் முன்னால் புதுப்பெண்ணை அதட்ட முடியாமல் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். போட்டோகிராபர் ஒரே ஒரு தடவைதான் அமுக்கினார். மருதாள் உடனே இறங்கிப் போய்விட்டாள்.

டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் செலவு இல்லை என்று ஆயிரத்து இருநூறு படம் எடுத்திருந்தார்கள். அதில் சாமியப்பன் இருக்கிற குரூப் போட்டோக்களில் எல்லாம் அவர் கண்ணை மூடியிருந்தார், இல்லாவிட்டால் வாயைத் திறந்திருந்தார். மனிதரைப்போல விழுந்திருந்தது மருதாள் நின்ற அந்த ஒரு படத்தில்தான். அதனால் அந்தப் படம் அவருக்கு வேண்டும். அதில் அவள் வேண்டாம்.

அவசரம் வேறு. பிரதீப் கல்யாணப் படங்களை இன்டர்நெட்டில் ஆல்பமாக ஏற்றி, பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் ஜெர்மனியிலிருந்து பனியன் ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் அன்று மாலைக்குள் லிங்க் அனுப்புவதாக மெயில் போட்டிருந்தான். முதல் படமாக இந்தக் குரூப் போட்டோதான் வரவேண்டும் என்பது பெரியப்பாவின் உத்தரவு. ஸ்டூடியோவில் டிசைன் வேலை பார்க்கிற சித்ராதேவி சி.டி.யோடு வந்து உட்கார்ந்திருந்தாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, ராத்திரி வகுப்பில் போட்டோஷாப் படித்து மேலே வந்த பெண்.

"அந்தம்மா மாப்பிள்ளைக்கு என்ன வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"அம்மாதான் கண்ணு. அதுக்கென்ன. அந்த எடத்துல நம்ம ஆயம்மாளை நகத்தி வெச்சுடு."

சித்ராதேவி பிரதீப்பைப் பார்த்தாள். பி.காம். படித்த அந்த இருபத்தாறு வயது ஆண்பிள்ளை கீபோர்டில் ஏதோ தூசியை ஊதிக்கொண்டிருந்தான். அன்புசெல்வி, அத்தை நிற்பதில் என்ன தப்பு என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வாயா என்று ஆயம்மாள் அடக்கினாள்.

சாமியப்பனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. செத்துப்போன தம்பியைப் படத்தில் சேர்க்கவேண்டும். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் சேர்க்கிறார்களாம், அவன் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி பிள்ளைக்குப் பின்னால் நிற்கட்டும் என்றார். அதற்காக ஒரு பழைய போட்டோ கொண்டுவந்திருந்தார். ஏதோ கோயில் நோம்பித் திருவிழாவில் நல்லானும் மருதாளும் தோளோடு தோள் ஒட்டி நின்று எடுத்தது. அதிலும் அவளை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மருதாளை எடுக்கிற வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று சித்ராதேவி சேர்க்கிற வேலையை முதலில் ஆரம்பித்தாள். நல்லானைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினாள். சாமியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நிறத்தைக் கூட்டச் சொன்னார். தொப்பையைக் குறைக்கச் சொன்னார். சிவந்த கண்ணை வெளுப்பாக்கச் சொன்னார். உயிரோடு இருந்தவரை பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினி போட்டவன், அரைமணி நேரத்தில் வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமுமாக, பிரதீப்புக்குப் பின்னால், மருதாளுக்கு அருகில் வந்து நின்றான். தம்பி, தம்பி என்று சாமியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜமாகவே வந்தது என்பதுதான் கேவலம்.

"நம்ம குடும்பம் நெறஞ்சிருச்சு. இனி அவளை எடுத்துடு கண்ணு."

சித்ராதேவி மவுஸைப் பிடித்தபடியே இருந்தாள். மருதாள் திரைக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தாள். புருஷனை அப்படிச் சுத்தமாக அவள் பார்த்ததே இல்லை. பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் படம்தான். அது போனால் நாளைக்குப் பேரப்பிள்ளைகூட நம்பாது.

"ஏனுங்க மாமா, இதுல அவரு உசுரோடதானுங்களே நிக்கறாரு?"

"ஆமா. சிரிக்கிறான் பாரு."

"புருசன் பக்கத்துல நிக்கறவ அப்பறம் எப்படிங்க தாலி அறுத்தவ ஆவா?"

ஆயம்மாள் தன் வளையல்களைப் பார்த்துக்கொண்டாள். மருதாள் எதிர்க்கேள்வி கேட்டு அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. சாமியப்பனுக்குக் கோபம் வருவதற்கே சற்று நேரம் பிடித்தது.

"போட்டோவுல ஒட்டுனா செத்தவன் எந்திரிச்சு வந்துருவானா? கூறுகெட்டவளாட்டப் பேசாத. செத்தவன் செத்தவன்தான்."

மருதாள் தலையாட்டினாள். அவர் சொன்னதில் அவளுக்கு முழுச் சம்மதம்போல இருந்தது. சித்ராதேவியின் தோளில் கை வைத்தாள்.

"அப்படின்னா அவரை எடுத்துடு கண்ணு. அவரு மண்டபத்துக்கு வரலை. நான் வந்திருந்தேன்."

சித்ராதேவி சாமியப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குத்தான் காத்திருந்தவள்போல ஒரு பட்டனைத் தட்டினாள். நல்லான், அங்கவஸ்திரம், குறைத்த தொப்பை எல்லாம் ஒரே நொடியில் போயின. மருதாள் வெங்காயம் உரித்த சேலையோடு, மருமகள் பிடித்த கையோடு அப்படியே நின்றாள்.

சாமியப்பன் எழுந்துவிட்டார். மூன்று தலைமுறையாக இந்த மாதிரிப் பெரியவர்கள் கையில் வைத்திருக்கிற கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"அவ இருக்கற போட்டோவுல எனக்கென்ன வேலை? அப்ப என்னையும் எடுத்துடு."

சொல்லிவிட்டு, பிரதீப் ஓடிவந்து காலில் விழுவான் என்று கதவருகில் போய் நின்றார்.

"நெசமாவே எடுத்துரவா அண்ணாச்சி?" என்று சித்ராதேவி மரியாதையாகக் கேட்டாள்.

அவர் தம்பி மகனைப் பார்த்தார். பிரதீப் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு மறுபடியும் கீபோர்டைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பெரியப்பா பேச்சை அவன் ஒருநாளும் தட்டியவனில்லை.

"பெரியப்பா இப்பச் சொன்னபடியே செஞ்சிடுங்க" என்றான்.