ஸ்டெப்னி

துறைமுகத்தின் மூன்றாம் வாசலுக்கு எதிரே கம்பி வேலியை ஒட்டிப் பையைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கப்பல். கப்பல் என்று சொல்வதைவிட, ஒரு தெருவை அப்படியே தூக்கி நிறுத்தி வெள்ளையடித்து வைத்தார்கள் என்று சொன்னால் பொருந்தும். அத்தனை மாடி, அத்தனை சன்னல். மேல்தட்டில் யாரோ மஞ்சள் நாற்காலிகளை வரிசையாக விரித்துக்கொண்டிருந்தார்கள். பயணிகள் ஏறுகிற வாசல் வேறு, அங்கே கண்ணாடிக் கதவும் பூந்தொட்டியும் உண்டு. மூன்றாம் வாசல் எங்களுக்கு. துவைக்கிறவன், பாத்திரம் கழுவுகிறவன், கூட்டுகிறவன், சுமக்கிறவன் எல்லாம் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும்.

ஒவ்வொரு முறை கப்பல் ஆள் எடுக்கும்போதும் ஏஜென்ட், கம்பெனி கேட்ட ஆட்களுக்கு மேல் ஒருவனைக் கூடுதலாக வரச் சொல்வார். யாராவது குடித்துவிட்டு வந்தால், காய்ச்சலோடு வந்தால், கடைசி நேரத்தில் பெண்டாட்டி அழுதாள் என்று வராமலே போனால், அந்த இடத்துக்கு அவன். எல்லாரும் ஒழுங்காக வந்துவிட்டால் அவன் வீட்டுக்கு. அந்தக் கூடுதல் ஆள் நான். மருத்துவச் சான்று எடுத்து, முகம் மழித்து, பை கட்டி, அக்கம்பக்கத்தில் போய்வருகிறேன் என்று சொல்லி எல்லாம் ஆன பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அதே பையோடு வீடு திரும்ப வேண்டும். முதல் இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்காரி, "என்னண்ணே, கப்பல் அதுக்குள்ள உலகத்தச் சுத்திட்டு வந்துடுச்சா?" என்று சிரித்தாள். பிறகு அவளும் சிரிப்பதை விட்டுவிட்டாள். அதுதான் அதிகம் வலித்தது.

ஏஜென்ட்டின் கையில் வெயிலோ மழையோ எப்போதும் ஒரு குடை இருக்கும். குடைக்காரர் என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். அவர் எனக்கு வைத்த பெயர் ஸ்டெப்னி. "வண்டி ஓடுதோ இல்லையோ, ஸ்டெப்னி பின்னாடி தொங்கணும்ல?" என்பார். அந்தப் பேரைக் கேட்டாலே என் மனைவி முகத்தைச் சுளிப்பாள். "வேற பேரே கிடைக்கலையா அந்த ஆளுக்கு?" கப்பல் சலவையறையில் பல வருஷம் இருந்தவன் நான். ஈரத் துணி மூட்டையைத் தூக்கியபோது ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. அது சரியானபோது எனக்கு வயது ஏறிவிட்டது. இந்த வயதுக்காரனை நேராக எடுக்க மாட்டார்கள், ஆள் குறைந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதனால் பையை நான் அவிழ்ப்பதே இல்லை. கட்டிலுக்குக் கீழே கட்டினபடியே கிடக்கும். வெளியே போக நல்ல சட்டை வேண்டுமென்றால் மனைவி அதிலிருந்து உருவித் தருவாள். துவைத்துக் காயவைத்துத் திரும்ப அதிலேயே வைப்பாள். எங்கள் வீட்டில் அலமாரி அதுதான்.

இந்தத் தடவை கம்பெனி எடுத்த ஆட்களில் என் மச்சினனும் இருந்தான், சலவையறைக்கு. மனைவிக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு இவள்தான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவன் மனைவி இப்போது நிறைமாதம். முந்தின நாள் சாயந்திரம் வந்திருந்தான். அவனுடைய சட்டைகளையெல்லாம் என் மனைவி தேய்த்து மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். மேலே பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று அவள் தைத்த ஒரு சின்னத் தலையணை உறையை வைத்து, "பொறந்த செய்தி வந்ததும் இத நெஞ்சுல வெச்சுக்கிட்டுத் தூங்குடா" என்றாள். அவன் சிரித்தான். என் பக்கம் திரும்பி, "மாமா, நாளைக்கு எவனாவது வராம இருக்கணும்னு வேண்டிக்குங்க. ரெண்டு பேரும் ஒண்ணா போயிடலாம்" என்றான். நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

அன்றைக்கு ஊரில் மாரத்தான் ஓட்டம். வருஷத்துக்கு ஒருமுறை நடப்பதுதான், ஆனால் இந்த வருஷம் நகரத்தையே பிடுங்கி வேறு பக்கம் நட்டதுபோல் செய்துவிட்டார்கள். பெரிய சாலை முழுக்க அடைப்பு. துறைமுகத்தைச் சுற்றி வளைந்து போகிற சாலை அது. ஊருக்குள்ளிருந்து யார் வந்தாலும் அதைக் கடக்காமல் துறைமுகத்துக்கு வர முடியாது. நான் பிழைப்புக்காக ராத்திரியில் சந்தையில் பார்க்கிற மூட்டை இறக்கும் வேலையை முடித்துவிட்டு விடிவதற்கு முன்பே நடந்து வந்துவிட்டதால் தப்பித்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஓடுகிறவர்கள் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் விடாமல் உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள். "நெருங்கிட்டீங்க, இதோ நெருங்கிட்டீங்க!" யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கே சொல்வது போல இருந்தது.

ஆட்கள் ஒவ்வொருவராக வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்கள். குடைக்காரர் விரலை மடக்கிக்கொண்டே இருந்தார். மதியம் பன்னிரண்டுக்கு மூன்றாம் வாசல் மூடும். அதற்குள் வந்தவன் வந்தவன்தான். கடைசியில் இரண்டு பேர் பாக்கி. ஒரு சமையல்காரர், இன்னொருவன் என் மச்சினன். அப்போதுதான் எனக்கு உடம்பில் ஒரு சூடு ஏறியது. சமையல்காரர் வராமல் போகலாம் என்று ஒரு நினைப்பு. அதன் பின்னாலேயே, ஆனால் சமையல்காரனுக்குப் பதில் சலவைக்காரனை எடுக்க மாட்டார்களே என்று இன்னொரு நினைப்பு. அதற்கும் பின்னால் ஒன்று வந்தது. அதை நான் நினைக்கவில்லை, தானாக வந்தது. வந்ததும் எழுந்து நின்றுகொண்டேன்.

மனைவியிடமிருந்து போன் வந்தது. "தம்பி வந்துட்டானா?"

"இன்னும் இல்ல. வந்துருவான்."

"பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். பின்னால் ஒரே கைதட்டல்.

"மாமா, பாலத்தடில நிக்கிறேன். குறுக்க கயிறு கட்டி வெச்சிருக்கானுங்க. ஒருத்தனையும் விட மாட்டேங்குறாங்க. கால்ல விழாத குறையா கேட்டுட்டேன். என்ன பண்றது மாமா? சார்ஜ் வேற போகப் போகுது."

"அங்க நிக்காத மாப்ள. சுரங்கப் பாதைக்குப் போ. ஐஸ் ஃபேக்டரிகிட்ட, ரோட்டுக்குக் கீழயே வரும்ல? மேல எவன் ஓடுனா நமக்கென்ன? நேரா இங்க வந்து ஏறிடலாம்."

"அது தூரமாச்சே மாமா, பெட்டியோட..."

"தூக்கிட்டு ஓடு. நேரம் இருக்கு. நான் இவர்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

துறைமுக வேலைக்காரர்கள் எல்லாரும் புழங்குகிற பாதை அது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அப்போதுகூட அதில்தான் போவோம். எனக்கு வேறு வழி தெரியாது. எங்கே வேண்டுமானாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன், அவன் வர வேண்டும் என்றுதான் சொன்னேன். வாய் அதைத்தான் சொன்னது. நெஞ்சுக்குள் இன்னொருவன் உட்கார்ந்து வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தான் என்றால், அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சமையல்காரர் வந்து சேர்ந்தார். தலையில் துண்டு, கக்கத்தில் கத்திப் பெட்டி.

"எப்படிண்ணே வந்தீங்க?" என்றேன்.

"பாலத்தடி வழியாத்தான். ரொம்ப நேரம் மறிச்சு வெச்சிருந்தானுங்க. இப்பதான் கூட்டம் குறைஞ்சுதுன்னு கயிற எடுத்தாங்க. சட்டுன்னு புகுந்து வந்துட்டேன்." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "சுரங்கப் பாதைக்குப் போயிருந்தேன்னா தொலைஞ்சேன். பாதுகாப்புன்னு காலையிலயே பூட்டிட்டாங்களாம்."

நான் மச்சினனைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று போன் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். அந்தக் குரல் அலுப்பில்லாமல் அதையே சொன்னது. ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று இரண்டடி வைத்தேன். குடைக்காரர் குடையின் கைப்பிடியால் என் தோளை இழுத்தார்.

"எங்க போற? நீ போயி அவன் வந்தா அவன் இருப்பான். நீயும் போயி அவனும் வரலன்னா, கம்பெனிக்காரன் என்னைய ஏறச் சொல்லுவான். துவைக்கத் தெரியுமாய்யா எனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரிதான் ஞாபகம்.

வாசல் மூடும் நேரம் வந்தது. "ஸ்டெப்னி, வா" என்றார்.

"சார், அவன் என் மச்சினன் சார். இன்னும் கொஞ்ச நேரம். வந்துட்டே இருக்கான்."

"எல்லாரும்தான் வந்துட்டே இருக்காங்க. ஊரே ஓடிட்டிருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரு. நீ ஏறலன்னா அந்த இடத்த அடுத்த துறைமுகத்துல வேற ஊர்க்காரனுக்குக் குடுத்துடுவாங்க. உங்க வீட்டுல ஒருத்தனாவது போகட்டும்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். எங்கள் வீட்டில் ஒருத்தன். நியாயமாகத்தான் பட்டது. விரல் ரேகை வைத்தேன், கேமராவைப் பார்த்தேன். பின்னால் இரும்புக் கதவு உருண்டு மூடிய சத்தம் கேட்டது.

வரிசையில் நின்று பையைச் சோதனைக்குக் கொடுக்கும்போது வேலி அதிர்ந்தது. திரும்பினேன். மச்சினன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி காலடியில் கிடந்தது. மூச்சு வாங்கியதில் அவனால் பேச முடியவில்லை. கழுத்தில் நீல நாடாவில் ஒரு பதக்கம் தொங்கியது.

சுரங்கப் பாதை பூட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓட்டக்காரர்களோடு ஓடியிருக்கிறான். தலையில் பெட்டியோடு ஒருத்தன் ஓடி வந்ததும் ஏதோ வேடிக்கைக்கு வேஷம் கட்டியிருக்கிறான் என்று சனம் கைதட்டியிருக்கிறது. தடுக்க வந்த காவலரே சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாராம். முடிவுக் கோட்டில், விடுங்கய்யா போகணும் என்று கத்தியவனைப் பிடித்து நிறுத்திப் பதக்கம் மாட்டிப் படம் எடுத்துத்தான் விட்டிருக்கிறார்கள். இதெல்லாம் அவன் வேலிக் காவலரிடம் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தான். காவலர் கையை விரித்தார்.

"சார், அவன் வந்துட்டான்" என்று குடைக்காரரிடம் ஓடினேன். "நான் வெளிய போயிடுறேன் சார். அவன விடுங்க."

"உன் ரேகை ஏறிடுச்சு. இனி மாத்த முடியாது. நீ போனாலும் அவன் கிடையாது." கதவைக் காட்டினார். "போறதுன்னா போ. திறக்கச் சொல்றேன். போறியா?"

நான் நின்றேன். காவலர் கதவில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மச்சினனும் பார்த்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். காவலர் கையை எடுத்துவிட்டார்.

மச்சினன் மெதுவாகத்தான் கேட்டான். "அங்க பூட்டியிருக்குன்னு தெரியாதா?"

மாமா என்று சொல்லவில்லை.

"சத்தியமா தெரியாதுடா மாப்ள."

அவன் தலையை ஆட்டினான். நம்பியதற்கு ஆட்டினானா, போதும் என்று ஆட்டினானா, தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர் என்னைத் தள்ளினார்.

கப்பலில் ஏறியதும் சலவையறைச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். மச்சினன் அளவுக்கு எடுத்து வைத்தது, எனக்குத் தோளில் இறுக்கியது. மார்பில் அவன் பெயர் தைத்திருந்தது. மாற்றித் தர நாளாகும், அதுவரை அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார் என்றார்கள். முதல் நாள் புது ஆட்களுக்குப் பயணிகளின் பெட்டி ஏற்றும் வேலை. கப்பலின் அடி வயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு பெரிய இரும்புக் கதவு திறந்திருந்தது. அதற்கு நேர் எதிரே மூன்றாம் வாசல் வேலி.

ஆனால் ஏற்றுவதற்குப் பெட்டிகள் வரவில்லை. பயணிகளின் பேருந்துகளும் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: எல்லா விருந்தினர்களும் வந்து சேரும்வரை கப்பல் புறப்படாது, யாரும் பதற்றப்பட வேண்டாம். எங்கள் மேஸ்திரி கொட்டாவி விட்டார். "சாயந்திரம் ஆகும்போல. உக்காருங்கப்பா."

உட்கார்ந்தோம். எதிரே வேலிக்கு வெளியே அவனும் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். நடுவில் கொஞ்சம் சிமென்ட் தரை, ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். கூப்பிட்டால் கேட்கும். நான் கூப்பிடவில்லை. அவனும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஏன் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறான் என்று புரியவில்லை. அக்காவிடம் முதலில் யார் சொல்வது என்று காத்திருக்கிறானோ? என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. யார் என்று பார்க்காமலே தெரிந்தது.

வெயில் சாய்ந்த பிறகு பேருந்துகள் வந்தன. வேலியை ஒட்டி மெல்ல ஊர்ந்து போனபோது, சன்னலோரம் இருந்த யாரோ அவன் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் தட்டினார், பிறகு பேருந்தே கைதட்டியது. அடுத்த பேருந்தும் தட்டியது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றான். நின்று, கும்பிட்டான்.

பெட்டிகள் வரத் தொடங்கின. உருளைப் பட்டை நிற்காமல் ஓடியது. கையை எடுக்க நேரமில்லை, சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியும் ஏறியதும் மேஸ்திரி ஒரு பொத்தானை அழுத்தினார். இரும்புக் கதவு கீழிருந்து மேலே எழும்பியது. முதலில் சிமென்ட் தரை மறைந்தது. பிறகு அவன் பெட்டி, கால்கள், கும்பிட்ட கையை இறக்க மறந்து அப்படியே நின்றவனின் இடுப்பு. பதக்கத்தில் ஒரு கணம் வெளிச்சம் பட்டது. முகத்துக்கு வரும்போது கதவு கொஞ்சம் திணறி நின்றது. மேஸ்திரி என் மார்பிலிருந்த பெயரைப் படித்துக் கூப்பிட்டு, "தள்ளுய்யா" என்றார். நான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.