மாடிக்கு லிப்ட், எனக்கு ஜன்னல்

என் தையல் அறைக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அதை அடைத்துத்தான் கட்டடத்துக்கு லிப்ட் வைக்க முடியும், வேறு இடமே இல்லை என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, நோகாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாக்கைத் தீட்டிக்கொண்டுதான் குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனேன்.

எங்கள் கட்டடத்தில் கைதூக்கி ஓட்டெடுக்கும் வழக்கமில்லை. ஒருமுறை அப்படிச் செய்து, பாதிப் பேர் மீதிப் பேரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதன்பிறகு பஸ் டிரைவர் மாமா ஒரு விதி கொண்டுவந்தார். மறுத்துப் பேசுகிறவர் முதலில் எதிராளியின் நியாயத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். எதிராளி "ஆமா, அதான்" என்றால்தான் மேலே பேசலாம். இது என்ன கூத்து என்று நானே எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறேன்.

லிப்ட் கேட்டவர் மூன்றாம் மாடி அக்கா. அவர் கணவருக்குப் பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துவிட்டது. விதிப்படி அக்காவின் நியாயத்தை முதலில் நான் சொல்ல வேண்டும். அண்ணனை, அதாவது அவர் கணவரை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லிப்ட் வேண்டும் என்றேன். அக்கா இல்லையென்று தலையசைத்தார். உங்களுக்கும் முட்டிவலி என்றேன். அதுவும் இல்லை. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான், அண்ணனின் சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவரும்போதெல்லாம் அக்கா உட்காராமல் கையில் சாவியை உருட்டிக்கொண்டே நிற்பது ஞாபகம் வந்தது.

"தனியா படியில இறங்கிருவாருன்னு அவர உள்ள வச்சுப் பூட்டிட்டு வர்றீங்க. அது உங்களுக்குத் தாங்கல."

"ஆமா, அதான்," என்றார் அக்கா.

பிறகு அவர் முறை. லைட்டைப் போட்டுத் தைக்கலாமே என்று யாரோ சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாள் பூரா மிஷின விட்டு எழுந்திரிக்க முடியாது. ரோடு, மழை, மனுஷங்க எல்லாமே அவளுக்கு அந்த ஜன்னல்தான். அத அடைச்சா அவளயும் உள்ள வச்சுப் பூட்டுன மாதிரி."

வெளிச்சம் போகும் என்று வாதாடத்தான் நான் வந்திருந்தேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். முடிவை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று மாமா கூட்டத்தைக் கலைத்தார்.

மறுநாள் தைத்து முடித்த சட்டையோடு மாடியேறினேன். கதவில் பூட்டு தொங்கியது. திரும்பும்போது உள்ளிருந்து "யாரு?" என்று அண்ணனின் குரல். டெய்லர் என்றேன்.

"கீழ மழையாம்மா?"

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து என் ஜன்னலில் பார்த்ததையெல்லாம், பூட்டிய கதவுக்குக் கேட்கும்படி, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.