சாட்டையடி விழுந்த வரப்பு

ஒனுஃப்ரி கூட்டுப் பண்ணையில் சேரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது வயிற்றெரிச்சலில். பண்ணைமேல் அவனுக்கு எந்தப் பக்தியும் கிடையாது. ஜில்லாவிலிருந்து வந்த அதிகாரி, "சேராதவங்க நிலத்த எடுத்துக்கிட்டு, காட்டோரமா மாத்து நிலம் குடுப்போம்" என்றதும் அவன் கண்முன் வந்தது, சேரமாட்டேன் என்று நின்ற தம்பி காஸ்பெரின் முகம். காட்டோரம் முழுக்க மணல். தம்பி அங்கே போய் முயல்களோடு குடித்தனம் நடத்தட்டும் என்று, வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களால் பேனாவைப் பிடித்துப் பெயரை எழுதிவிட்டான். அந்தக் காகிதத்தில் தன் நிலமும் சேர்ந்து போகிறது என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

மற்ற இரண்டு விரல்களையும் கொண்டுபோனது காஸ்பெரின் புல்லறுக்கும் அரிவாள். பதிலுக்கு இவன் வண்டித் தடியால் அவனுடைய முழங்காலை உடைத்தான். எல்லாம் ஒரு வரப்புக்காக. இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே ஒரு பேரிக்காய் மரம் நின்றது. வரப்பு மரத்துக்கு அந்தப் பக்கம், மரம் என்னுடையது என்பான் ஒனுஃப்ரி. வரப்பு இந்தப் பக்கம், மரமும் அதையொட்டி இரண்டு உழவுச் சால் அகலமும் எனக்குத்தான் என்பான் காஸ்பெர். அப்பா போனதிலிருந்து பதினைந்து வருஷம் இதே பாட்டு. போர் வந்து போனது, ஜெர்மன்காரன் வந்து போனான், பண்ணையார் ஊரைவிட்டே ஓடினார், சேர்த்து வைத்த பணம் ஒரே நாளில் செல்லாக்காசானது. இவர்கள் சண்டை மட்டும் கல்லுக்குண்டாக இருந்தது.

பையன்கள் சிறுசாக இருந்தபோதே, நெஞ்சுவலி வந்து பயந்துபோன அப்பா நிலத்தைப் பிரித்தார். எல்லையில் குழி தோண்டி, மண்ணில் மக்காத சாமான்களாகக் கரித்துண்டும் உடைந்த பச்சைப் பாட்டிலும் போட்டு மூடினார். பிறகு ஊர் வழக்கப்படி இரண்டு பேரையும் அந்தக் குழிமேலேயே குப்புறப் படுக்கவைத்துச் சாட்டையால் விளாசினார். அடி வாங்கினவன் இடத்தை மறக்கமாட்டான் என்பது ஊர்க் கணக்கு. அடி இருவருக்கும் நன்றாகவே நினைவிருந்தது. இடம்தான் ஆளுக்கொன்றாக நினைவிருந்தது. தோண்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் எல்லைக் குழியைக் கிளறினவன் செத்தபிறகு கையில் கொள்ளியோடு வரப்பில் அலைவான் என்று ஊரே நம்பியது. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளத் துணிந்தவர்களுக்கு மண்வெட்டியைத் தொடத் துணிவில்லை.

அக்டோபரில் ஒரு காலை டிராக்டர் வந்தது. பின்னாலேயே ஒரு லாரியில் சார்ஜெண்டும் மூன்று போலீஸ்காரர்களும். காஸ்பெர் சாணி அள்ளும் நீளப்பிடி முள்கரண்டியோடு வரப்பில் நின்றான்.

"வா ஒனுஃப்ரி. வேடிக்கை பாக்க முக்காலி கொண்டாரலியா?"

"நின்னே பாத்துக்கறேன். உன் காலுதான் ரொம்ப நேரம் நிக்காது."

முதலில் கிட்டே போன போலீஸ்காரனின் தோளில் முள்கரண்டி இறங்கியது. மற்ற இருவரும் துப்பாக்கிக் கட்டையால் காஸ்பெரைச் சாய்த்தார்கள். முதல் அடி விழுந்தபோது ஒனுஃப்ரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டாவது அடி உடைந்த முழங்காலிலேயே விழுந்தது. நான்காவதில் பற்கள் தெறித்தன. அந்தப் பல் விழுந்த சத்தத்தில் அவன் சந்தோஷம் செத்துப்போனது.

சங்கிலி போட்டு மரத்தைப் பிடுங்கினார்கள். கலப்பை வரப்பைக் கிழித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. மரக்குழிக்கு இப்பால், ஒனுஃப்ரி பதினைந்து வருஷமாக உருளைக்கிழங்கு போட்ட மண்ணிலிருந்து, கறுப்பாக ஏதோ புரண்டது. ஓடிப்போய் மண்டியிட்டான். கரி. கையால் துழாவினான். பச்சைக் கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்தது.

காஸ்பெரை லாரிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைத் தூக்கினான்.

"என்னடா அது?"

"பாட்டிலு."

"எந்தப் பக்கம்?"

மரமே இல்லை, மண்ணெல்லாம் கலந்தாகிவிட்டது. எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லை. ஒனுஃப்ரி கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தான்.

"நீ சொன்ன எடந்தான். மரம் உன்னுது. ரெண்டு சாலும் உன்னுது."

காஸ்பெர் ரத்தத்தோடு சிரித்தான். "அப்ப போய் அந்தக் கையெழுத்தத் திரும்ப வாங்கிட்டு வாடா."

"இனி உன்னுதும் இல்ல, அவனுதும் இல்ல, எல்லாருக்கும் பொது" என்றபடி சார்ஜெண்ட் கண்ணாடித் துண்டைப் பூட்ஸால் மண்ணுக்குள் அமுக்கினான்.

கீழே கிடந்த முள்கரண்டியை ஒனுஃப்ரி எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அது சார்ஜெண்டின் தொடைக்குள் கைப்பிடி நடுங்க நின்றது. அடுத்த நொடி துப்பாக்கிக் கட்டைகள் ஒனுஃப்ரியின் முதுகில் இறங்கின. குப்புற விழுந்தான். வாயில் கரி. விலா எலும்பு முறிவது காதில் கேட்டது. ஏழு வயதில் இதே மண்ணைக் கடித்துக்கொண்டு அழுதது, இதே இடத்தில், இப்போது துல்லியமாக நினைவுக்கு வந்தது.

லாரியிலிருந்து காஸ்பெரின் குரல் கேட்டது.

"அண்ணே, நல்லா வாங்கிக்க. இந்தத் தடவையாவது எடத்த மறந்துடாத."

அவன் அண்ணே என்று கூப்பிட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒனுஃப்ரியையும் லாரியில் தூக்கிப் போட்டார்கள். டிராக்டர் திரும்பி வந்து அந்த இடத்தை இன்னொரு முறை உழுதது.