சுந்தராம்பாள் ரிவர்ஸ் எடுக்கிறாள்

1

ஒரு குக்கரைப் பார்த்ததால் வந்த வினை இந்தக் கதை. மறைக்க என்ன இருக்கிறது? வல்லம் வடகாலில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சின்ன பஸ் போனது. முன்னாள் பள்ளிக்கூட பஸ்தான், சந்தேகமில்லை. பெயின்ட் உதிர்ந்த ஒரு மூலையில் பழைய மஞ்சள் தெரிந்தது. ஜன்னலோரம், பிள்ளைகள் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு குக்கர் உட்கார்ந்திருந்தது. ஓட்டியது ஒரு பெண்மணி. நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். (கொள்வேன். வெளியே காட்ட மாட்டேன்.)

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

‘ஒரகடத்துத் தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேல் சூரியன் மெல்ல —’

சே. சூரியனை எழுப்பிவிட்டுத் தொடங்குகிற கதைகளை நானே படிப்பதில்லை.

‘ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி —’

இதைத் தொட்டால் கண்ணைக் கசக்காமல் முடிக்க முடியாது. என் கதாநாயகிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

‘பஸ்ஸை விற்றுவிடப் போவதாக டில்லிபாபு சொன்னான்.’

ம், இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

பஸ்ஸை விற்றுவிடப் போவதாக டில்லிபாபு சொன்னான்.

யார் இந்த டில்லிபாபு? சுந்தராம்பாளின் புருஷன். ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவராக இருந்தவன். அதே பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மாவாக இருந்தவள் சுந்தராம்பாள். அவன் ஸ்டியரிங்கில், அவள் படிக்கட்டில். ஊரே இவர்களைப் பார்த்துச் சிரிக்கும். “வூட்டுல போட்ட சண்டைய பஸ்ஸுலயும் போட்டுக்கினே போறாங்க பாரு” என்று.

பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் சுந்தராம்பாள் இறங்கிப் பின்பக்கம் ஓடுவாள். ரெண்டு தட்டு தட்டினால் ‘வா’. ஒரு தட்டு என்றால் ‘நில்லு’.* அவள் கொஞ்சம் மெதுவாகத் தட்டிவிட்டால் போதும், முன்னாலிருந்து டில்லிபாபு கத்துவான்: “இன்னாடி, சோறு துன்னல? ஓங்கித் தட்டு!” பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். (அவள் சிரிப்பாள் என்று எழுதுவது எனக்கு வசதியாக இருக்கிறது. நிஜத்தில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.)

* தமிழ்நாட்டில் பஸ் ஏறிய யாருக்கும் இந்தத் தட்டு பாஷை தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இந்த நட்சத்திரம்.

பிறகு ஒரு நாள் தண்ணி லாரி ஒன்று டில்லிபாபுவின் பைக்கை உரசியது. இடது காலில் கம்பி வைத்தார்கள். நடக்கலாம், கோலூன்றி. ஆனால் கிளட்ச்சை மிதிக்க முடியாது. கிளட்ச்சை மிதிக்க முடியாத டிரைவரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்ன செய்யும்? கொஞ்ச நாளிலேயே பஸ்ஸுக்கும் வயதாகிவிட்டது என்று ஒதுக்கினார்கள். அதைச் சுந்தராம்பாள் வாங்கிவிட்டாள். எப்படி வாங்கினாள் என்று கேட்காதீர்கள், அந்தக் கணக்கை எழுத உட்கார்ந்தால் கதை தவணை முறையில் போய்விடும்.

எதற்கு வாங்கினாள் என்று கேளுங்கள்.

“தெனம் மணிமங்கலம் வரைக்கும் போயிட்டு திரும்பிக்கினு இருந்தோம். திரும்பாம நேரா போனா இன்னா வரும்னு எனக்குப் பாக்கணும்” என்றாள்.

“இன்னா வரும்? ரோடுதான் வரும்” என்றான் டில்லிபாபு.

“அந்த ரோட்டத்தான்யா பாக்கணும்.”

சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில் போடுவது, தண்ணீர் டேங்க் வைப்பது, அடுப்பு வைப்பது, போகிற இடத்தில் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிடுவது. இதுதான் திட்டம். கேம்பர் வேன் என்று நாம் சொல்வதை அவள் வூட்டு பஸ் என்றாள். படப்பையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ‘எல்’ போர்டு மாட்டிய காரில் அவளைப் பார்த்த பழைய பிள்ளைகள், இப்போது மீசை முளைத்தவர்கள், “ஆயாம்மா, சூப்பரு!” என்று கத்தினார்கள். (ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறிய கதை இதில் வராது. அதற்குத் தனி நாவல் வேண்டும்.)

டில்லிபாபுவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “பஸ்ஸுல எவனாவது குடித்தனம் பண்ணுவானா?” என்று முனகிக்கொண்டே இருந்தான். உண்மையான காரணத்தை அவன் சொல்ல மாட்டான், நான் சொல்லிவிடுகிறேன். அவன் ஸ்டியரிங்கில் இன்னொரு கை விழுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கை பெண்டாட்டி கையாக இருந்தது இன்னும் பொறுக்கவில்லை.

3

இசக்கிபாண்டியைக் கதையில் வைப்பதா எடுப்பதா என்று எனக்குப் பெரிய குழப்பம்.

சுந்தராம்பாள் வீட்டு மனையில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அதில் ஓர் அறையில் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள், இசக்கிபாண்டியும் அவன் மனைவி வேல்விழியும். அவன் கார் கம்பெனியில். அவள் கார் சீட்டு தைக்கும் கம்பெனியில். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் எதிரெதிர். ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் தூக்கி பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள் என்றால் எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.

மெத்தைக்கு வேல்விழி உறை தைத்தாள். புதுக் கார் சீட்டு கெட்டது போங்கள், அப்படி ஒரு தையல். பக்கவாட்டுத் தகரத்தை அறுத்து, மேலே தூக்குகிற கதவாகச் செய்து, அதற்குக் கீழே அடுப்பு மேடை வைப்பது இசக்கிபாண்டியின் பொறுப்பு. கதவைத் தூக்கிவிட்டு வெளியே நின்றபடியே சமைக்கலாம். அவனும் ராப்பகலாக யோசித்து, அளந்து, அறுத்து, பிசிறு தட்டாமல் மாட்டிவிட்டான். வேலை சுத்தம்.

சுந்தராம்பாள் வந்து பார்த்தாள். சுற்றி வந்து மறுபடி பார்த்தாள்.

“இன்னா இசக்கி, அடுப்பு ரோட்டுப் பக்கமா கீது?”

நம் ஊரில் வண்டியை இடது ஓரம்தானே நிறுத்துவோம்? அப்படியானால் அடுப்பும் இடது பக்கம் இருந்தால்தான் ஓரமாக நின்று சமைக்க முடியும். இவன் வலது பக்கம் அறுத்து வைத்திருந்தான். ரோட்டில் நின்று லாரிக்காரனுக்கு வழிவிட்டுக்கொண்டே தாளிக்க வேண்டியதுதான்.

இசக்கிபாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “அக்கா, எங்க லைன்ல வர்றது பூராம் ஏற்றுமதி வண்டிக்கா. எல்லாத்துக்கும் ஸ்டியரிங் இடது பக்கந்தாம். அங்க ஓரம்னா வலது பக்கம்லா? கை பழகிப்போயி வெட்டிப்புட்டேம்க்கா.”

“ஏங்க, அக்கா என்ன செருமனிக்கா போறாவ?” என்றாள் வேல்விழி.

இந்த இடத்தில்தான் இவனை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பேனாவால்தான். இப்படி ஒரு தப்பை எவன் செய்வான் என்று நீங்கள் கேட்பீர்களே! நாளெல்லாம் ஒரே பக்கக் கதவை மாட்டிக்கொண்டிருக்கிறவனைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் இருக்கட்டும் என்று விட்டேன். தவிர, அவன் தப்புச் செய்யாவிட்டால் எனக்குக் கதையே இல்லை.

4

அறுத்தது அறுத்ததுதான். அதற்காகப் பால் காய்ச்சாமல் விட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை, அறைக்காரர்கள் எல்லாரும் குளித்து முழுகி வந்து நின்றார்கள். வேல்விழி பால் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டினாள். இசக்கிபாண்டி அடுப்புக் கதவைத் தூக்கினான்.

டங்!

கதவு பக்கத்து வீட்டு மதில் சுவரில் இடித்தது. பெயின்ட் அடிக்கப் பட்டறைக்குப் போயிருந்த பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவந்தவன் மனைக்குள் நேராக நுழைத்து, வலது பக்கம் மதிலை ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருந்தான். இப்போது கதவு திறக்க வேண்டுமென்றால் பஸ்ஸை வெளியே எடுத்து, தெருக்கோடியில் திருப்பி, பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். வாசல் எவ்வளவு அகலம்? பஸ்ஸைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் ‘கொஞ்சம்’ ரொம்பக் கொஞ்சம்.

“ஆக்டிங் டிரைவர் யாரையாச்சும் கூப்புடுவமா அண்ணே?” என்றான் இசக்கிபாண்டி.

“இன்னாத்துக்கு?” என்றான் டில்லிபாபு. “அதான் அம்மா லைசென்ஸ் வாங்கிக்கீறாங்களே. ஏய் சுந்தரா, நீயே ரிவர்ஸ்ல வுடு பாக்கலாம். வண்டில ஒரு கோடு வுழுந்துது, நாளைக்கே காயலான் கடைக்காரன் வருவான். பேசி வெச்சிட்டேன்.”

அவன் நிஜமாகவே பேசி வைத்திருந்தான். அவளுக்கும் அது தெரிந்தது.

“கோடு வுழலன்னா?”

“வுழலன்னா நீ சொல்ற எடத்துக்கு வாயத் தொறக்காம வரேன்.”

“இந்தா, எல்லாரும் கேட்டுக்குங்க!” என்று சொல்லிவிட்டுச் சுந்தராம்பாள் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

5

இங்கே நின்றுவிட்டேன். பல நாள் நின்றேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன், இரண்டை உங்களுக்குக் காட்டுகிறேன்.

அ) பஸ் மதிலில் உரசுகிறது. நீளமாக ஒரு கோடு. கத்திரிப்பூ நிறம் உரிந்து உள்ளே மஞ்சள் தெரிகிறது. அவள் அந்த மஞ்சளைத் தடவியபடி —

நல்ல இலக்கிய மணம் வருகிறது, இல்லையா? பத்திரிகைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். நம் கதைகளில் ஜெயித்தவர்கள் யார், சொல்லுங்கள்? ஜெயித்தால் அது விளம்பரம், தோற்றால் அது வாழ்க்கை. ஆனால் இதை எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்?

ஆ) டில்லிபாபு கோலை வீசிவிட்டுப் பாய்ந்து ஏறி, வலியைப் பொறுத்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்து —

இதைச் சுந்தராம்பாள் படித்தால் என்னைத் தேடி வந்து உதைப்பாள்.

6

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். (நடக்கவில்லை, தெரியும். சும்மா வாருங்கள்.)

வெளியே எடுப்பது சுலபம், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் போதும். எடுத்துத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலைத் தாண்டி நிறுத்தி, ரிவர்ஸ் கியர் போட்டாள். அவ்வளவுதான், தெருவே டிரைவர் ஆகிவிட்டது. “ஒடிங்கக்கா, ஒடிங்க!” “ரைட்டு, ரைட்டு!” “லெஃப்ட்ல வளைக்கா!” “அக்கா, அவுக சொல்லுத லெஃப்ட்ட நம்பாதீய!” — இது வேல்விழி, புருஷனைப் பார்த்து. பஸ் ஒரு முழம் வந்தது, கோணியது, முன்னால் போனது, மறுபடி கோணியது. சுந்தராம்பாளுக்கு ஜாக்கெட் நனைந்துவிட்டது. இதோ கோடு, இதோ காயலான் கடை என்று மனசு அடித்துக்கொண்டது.

ஹாரனில் கை வைத்தாள். எடுக்கவில்லை. தெரு அடங்கும் வரை எடுக்கவில்லை.

“எல்லாம் வாய மூடுங்க!”

மூடினார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? அங்கே நிற்க வேண்டியவளே அவள்தானே. அவள் முன்னால் வந்ததும் அந்த இடம் காலியாகிவிட்டது.

“டில்லி!” என்று கூப்பிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருவுக்கே மூச்சு நின்றது.

“பின்னால போ.”

“நானா? யேய், டிரைவர் நானு!”

“டிரைவர் இப்ப நானு. நீ போய்த் தட்டு.”

டில்லிபாபுவின் முகம் சிவந்தது. பிறகு அவளை ஒரு பார்வை பார்த்தான். ஸ்டியரிங்கில் அவள் கை பிடித்திருந்த விதத்தைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, கோலை ஊன்றி, கால் இழுக்க, பின்பக்கம் போனான்.

தட் தட்.

காதில் விழுந்தும் விழாத மாதிரி ஒரு தட்டு. சுந்தராம்பாள் தலையை வெளியே நீட்டினாள். “இன்னாயா, சோறு துன்னல? ஓங்கித் தட்டு!”

அறைக்காரர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். டில்லிபாபுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. கையை ஓங்கித் தகரம் அதிரத் தட்டினான். ரெண்டு. அவள் வந்தாள். மறுபடி ரெண்டு. மறுபடி வந்தாள். மதில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனது. ரெண்டு. ரெண்டு. பிறகு ஒன்று.

நிறுத்தினாள்.

டில்லிபாபு சுற்றி வந்து பார்த்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். குனிந்துகூடப் பார்த்தான் படுபாவி.

“கோடு இல்ல” என்றான். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்: “இத்தினி நாளா நான் கண்ணாடியே பாத்ததில்ல. இவ தட்டுவா, நான் வுடுவேன். பாதி வண்டிய இவதான் ஓட்டிக்கினு இருந்திருக்கா.”

விசிலடித்தார்கள், குதித்தார்கள். இசக்கிபாண்டி பெண்டாட்டியைத் தூக்கியே விட்டான். சுந்தராம்பாளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் ஆசை தீர அழுதாள். அடுப்புக் கதவைத் தூக்கினார்கள். இப்போது எதிரே மதில் இல்லை, பரந்த முற்றம். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

நான் என் மேஜையில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

7

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு சிக்கல். பந்தயப்படி அவள் சொல்கிற இடத்துக்கு அவன் போக வேண்டும். அவளோ எந்த இடமும் சொல்லவில்லை. நான் கன்னியாகுமரி என்று எழுதிக் கடலெல்லாம் கொண்டுவந்து வைத்தேன். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ராமேஸ்வரம் என்றேன். “நீ போய்ட்டு வாயேன்” என்கிற மாதிரி பார்த்தாள். எனக்கென்ன போச்சு, விட்டுவிட்டேன்.

இப்போது திங்கட்கிழமை காலை. ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் சிக்னல். கம்பெனி பஸ்களுக்கு நடுவே கத்திரிப்பூ நிற பஸ் நிற்கிறது. பக்கத்து சீட்டில் டில்லிபாபு சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இடது பக்கம் படப்பை, தாம்பரம். வலது பக்கம் வாலாஜாபாத், காஞ்சிபுரம். நேரே போனால் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து தெற்கு மொத்தமும்.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அழுத்துகிறான். சீக்கிரம் சொல்லுங்கள். நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் அவள் போய்விடுவாள்.