பார்வையில்லாத கண் பார்த்தது

மதியம் பன்னிரண்டாகியும் ஆறு கூண்டுகளிலும் சக்கரம் சுற்றவில்லை. அல்மாத்தி ஆய்வுக்கூடத்தின் ஜன்னலில்லாத அறையில், மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் ஐகனிம் காத்து நின்றாள். தினமும் இந்நேரத்துக்கு எலிகள் ஓடத் தொடங்கிவிடும். அத்தனையும் பார்வை போனவை. நேற்று அவை ஓடிக்கொண்டிருந்தபோது கால்மணி நேரம் வெள்ளை விளக்கைப் போட்டு அணைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

எதிர்ச் சுவரோரத்தில் இருந்தவையும் குருட்டு எலிகள்தான். கூடுதலாக ஒரே ஒரு மரபணு நீக்கப்பட்டவை. அதே வெளிச்சம் பட்டும் அவை வழக்கம்போலப் பன்னிரண்டுக்கே ஓடின.

ஒன்றரைக்கு ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அடுத்த சில நிமிடங்களில் ஆறும் சுற்றின.

"எலிக்குத் தெரியல. கண்ணு மட்டும் வெளிச்சத்தைப் பார்த்துட்டு, மூளைக்குள்ள இருக்கிற கடிகாரத்தைத் தள்ளி வெச்சிடுச்சு," என்றாள் ஆய்வாளர் ஷோல்பான். "அந்த மரபணு இருந்தாப் போதும்."

"மனுஷனுக்கும் இருக்கா?"

"இல்லாம? ஏன்டி மூஞ்சி இப்படி மாறிப்போச்சு?"

பரம்பரை நோயில் ஐகனிமின் தம்பி பெக்ஸாத்தின் பார்வை போய் ஒன்பது வருடம். இப்போது கண்கள் புண்ணாகி ஓயாத வலி. செத்த கண்கள்தானே, எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். திங்கட்கிழமை அறுவை. சம்மதத்தாளில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டுக்கு ஓடினாள். இருட்டறையில் பெக்ஸாத் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கெதற்கு வெளிச்சம் என்று குளிருக்காகக் கட்டிய கம்பளி, ஜன்னலில் வருடக்கணக்காகத் தொங்கியது. மூச்சுவிடாமல் அதை விலக்கினாள். பனியில் பட்ட வெயில் அறைக்குள் நிறைந்தது.

"அக்கா, கூட யாரு?"

"யாருமில்லடா. நான் மட்டுந்தான்."

"விளையாடாத. யாரோ எதிர்ல வந்து நிக்கிறாங்க."

"பெக்ஸாத், திங்கட்கிழமை வேணாம்டா. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம்."

"வலிக்கிறது எனக்கு. பொறுக்கச் சொல்றது நீயா?" அவன் குரல் உடைந்தது. "முதல்ல வந்தவங்களை உட்காரச் சொல்லு."

ஐகனிம் குனிந்து அவன் முகத்தருகே போனாள். அகலத் திறந்திருந்த இரண்டு கருமணிகளும், அவனறியாமல், வெயிலுக்கு மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தன.